‘ங்க’ யாருக்குங்க?

கோயம்புத்தூர் வியாபாரிகளிடம் இப்போது ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. விலை விசாரித்து ஈமெயில் போடுகிற புது வாடிக்கையாளர்களுக்கு மரியாதை தெரியவில்லையாம். எடுத்த எடுப்பில் ‘அஞ்சு ஹெச்.பி. மோட்டார், ரேட் அனுப்பவும்’ என்று ஒரே வரி. மேலே வணக்கம் இல்லை, ‘டியர் சார்’ இல்லை. கீழே நன்றி இல்லை, சில சமயம் பெயரே இல்லை. ‘கடை வாசல்ல வந்து நின்னா ஏனுங்கன்னு கூப்பிட்டுத்தான பேசுவான்? மெயில்னா மட்டும் மரியாதை வேண்டாமா?’ என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஒரு மனுசன் இன்னொரு மனுசனிடம் பேச்செடுக்கும் முன்னால், அவனையும் மனுசனாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகச் சொல்வது வணக்கம். அது இல்லாத கடிதம் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவது மாதிரி. இது சின்ன விஷயம் என்று நாம் தள்ளிவிடப் போவதில்லை. வணக்கம் கிடைக்காமல் போனால் எப்படி இருக்கும் என்று இந்த மண்ணில் நம்மைவிட அதிகம் தெரிந்தவர்கள் யார்? அதனால்தான் இந்தக் குறையை வியாபாரிகள் விட்ட இடத்திலிருந்து நாம் எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. வணக்கம் வேண்டும் என்கிறார்கள். சரி. யாருக்கு யார் சொல்வது? யார் முதலில் சொல்வது? சொன்னவனுக்குப் பதில் என்ன?

கொங்குத் தமிழ் மரியாதைக்குப் பேர் போனது. ‘ஏனுங்க’, ‘வாங்க’, ‘சொல்லுங்க’, ‘இல்லீங்க’. சினிமாக்காரர்கள்கூட இந்த ‘ங்க’வை எடுத்துக்கொண்டு போய்க் காசு பார்த்துவிட்டார்கள். கோவைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் முதலில் மயங்குவது இதில்தான். நாமும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான், நம் நாக்கிலும் அது ஊறித்தான் கிடக்கிறது. ஆனால் இந்த ‘ங்க’ எந்தத் திசையில் ஓடுகிறது என்று யாரும் கவனிப்பதில்லை.

எழுபது வயது அருந்ததியக் கிழவர் ‘வாங்க சாமீ’ என்பார். எதிரே நிற்பது பத்து வயதுத் தோட்டத்துப் பையன். பதிலுக்கு அவன் கிழவரைப் பேர் சொல்லி, பேருக்குப் பின்னால் ஒரு ‘டா’வும் போட்டுக் கூப்பிடுவான். நம் தாத்தாமார் காலத்தில் இது தினசரி நடப்பு. இன்றைக்கும் இது செத்துப்போகவில்லை. கொஞ்சம் சட்டை மாற்றிக்கொண்டு திரிகிறது, அவ்வளவுதான். மேலே போகிற சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமே இருந்ததில்லை. பண்ணாடி, சாமி, எசமான், கவுண்டருங்க. கீழே இறங்கி வருவதற்கு ஒரே எழுத்து போதுமானதாக இருந்தது.

வயசுக்குக் கொடுக்கிற மரியாதை என்பார்கள். வயசுக்கு என்றால் அந்தக் கிழவருக்கல்லவா கிடைத்திருக்க வேண்டும்? படிப்புக்கு என்பார்கள். பட்டம் வாங்கி வந்த நம் பிள்ளைகளிடம் ‘என்னடா, இப்ப எங்க இருக்கறே?’ என்று கேட்பவர்கள் அந்தப் பட்டத்தை எங்கே வைத்துவிட்டுப் பேசுகிறார்கள்? வயசு, படிப்பு, பணம், பதவி எல்லாம் மரியாதைக்குச் சொல்லப்படும் காரணங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற கணக்கு வேறு. கீழே இருப்பவன் முதலில் கும்பிட வேண்டும், மேலே இருப்பவன் பதில் சொன்னாலும் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம் என்பது சாதியின் சட்டம். வாங்க வருகிறவனை விற்கிறவன்தான் முதலில் வாங்க என்று கூப்பிட வேண்டும் என்பது கடையின் சட்டம். நாம் கூலிக்காரர்களாக மட்டும் இருந்தவரைக்கும் இந்த இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. நாம் வாடிக்கையாளர்களாக வந்து நிற்கும்போதுதான் மோதல் ஆரம்பிக்கிறது.

கொங்கு நாட்டில் வணக்கத்துக்கு அடுத்து ஒரு கேள்வி வரும். ‘எந்த ஊருங்க?’ கேட்கிறவர் அன்பாகத்தான் கேட்பார். ஊரைச் சொன்னால் ‘அங்க யார் ஊடு?’ என்பார். அதையும் சொன்னால் ‘ஊருக்குள்ளயா, வளவா?’ என்று முடியும். மூன்றாவது கேள்வியில் ‘ங்க’ உதிர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். ‘வளவு’ என்று பதில் சொன்ன பிறகு பேச்சின் குரலே மாறிவிடும். நம்மில் எத்தனை பேர் பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் இந்த மூன்றாவது கேள்விக்கு முன்னால் இறங்கிப் போயிருக்கிறோம்!

இது இன்றைய கதை இல்லை. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தியே இதே கோயம்புத்தூரில் ஒரு மாணவர் இதற்குப் பயந்து ஒதுங்கி நின்றிருக்கிறார். பின்னாளில் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தி, 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு உட்கார்ந்த இரட்டைமலை சீனிவாசன்தான் அவர். கோவையில் தான் படித்த பள்ளியில் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லாம் பார்ப்பனர்கள் என்று தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் எழுதியிருக்கிறார். பழகினால் சாதி, ஊர், உறவு எல்லாம் தெரிந்துவிடும் என்று பயந்து, மணி அடிக்கும் வரை வெளியே எங்காவது வாசித்துக்கொண்டிருப்பாராம். வகுப்பு விட்டதும் மற்றவர்கள் எட்டிப் பிடிப்பதற்குள் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். அந்தப் பையனுக்கு வணக்கம் சொல்லத் தெரியாமலா போயிற்று? வணக்கத்துக்குப் பிறகு வருகிற கேள்விதான் அவனை ஓட வைத்தது. இன்றைக்கு ‘ஒரு டியர் சார்கூட இல்லாம மெயில் போடறான்’ என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். பெயர் போடாமல் விலை கேட்கிற எல்லோரும் திமிர் பிடித்தவர்கள் இல்லை. பெயரையும் ஊரையும் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்துப் பழகியவர்களும் அதில் இருக்கலாம்.

எழுத்தில் மரியாதை எப்படி நடந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் விளங்கும். வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை மாகாணக் காகிதங்களில் வெள்ளைக்காரப் பெயருக்குப் பின்னால் ‘எஸ்கொயர்’ இருக்கும். நம் ஊர்ப் பெரிய மனிதர் பெயருக்கு முன்னால் ‘மகாராஜராஜஸ்ரீ’, பின்னால் ‘அவர்கள்’. முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல் மொட்டையாகக் கிடந்த பெயர்கள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. பெயருக்கு மரியாதை கேட்பதற்கு முன்னால் பெயரையே கேட்டு வாங்க வேண்டியிருந்தது நமக்கு. பறையர், பஞ்சமர் என்று அரசுக் காகிதத்தில் எழுதாதே, ஆதிதிராவிடர் என்று எழுது என எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, 1922இல் அரசாணை வந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடாதே என்றது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்பவற்றை எடுத்துவிட்டுத் திரு, திருமதி, செல்வி என்று வைத்தது. ஏதோ தமிழ்ப்பற்று விஷயமாக மட்டும் இதைப் பேசுகிறார்கள். நமக்கு அதில் வேறொரு பொருளும் உண்டு. அரசாங்கப் படிவத்தில் கலெக்டருக்கும் ‘திரு’, கக்கூஸ் கழுவ விதிக்கப்பட்டவருக்கும் அதே ‘திரு’. காகிதத்தில் மட்டும்தான் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். காகிதத்திலாவது கிடைத்தது.

வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவனுக்கு இந்தக் காகித சமத்துவம் நன்றாகத் தெரியும். கணக்குத் தொடங்கும் படிவத்தில் எல்லோருக்கும் ஒரே கட்டம். 2014இல் ஜன்தன் கணக்குகள் வந்தன, கூடவே செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று ஆரம்பிக்கிற செய்தியைப் படித்துக் காட்டச் சொல்லி நூறு நாள் வேலைக்குப் போகிற கிழவிகள் கவுன்டருக்கு வருவார்கள். ஆயுசுக்கும் ‘ஏ புள்ளே’ என்று மட்டுமே கூப்பிடப்பட்ட ஒருத்திக்கு முதன்முதலாக ‘அன்புள்ள’ என்று எழுதியது ஒரு மெஷின். மெஷினுக்கு வளவு தெரியாது. அதைச் சொல்லிப் பெருமைப்படுவதா, மனுசர்களை நினைத்து வெட்கப்படுவதா?

இப்போது சந்தைக்கு வருவோம். பணத்துக்குச் சாதி கிடையாது, வாடிக்கையாளர்தான் ராஜா, தாராளமயம் சாதியைக் கரைத்துவிடும் என்று 1991இலிருந்து நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. 2005இல் புனேயில் தலித் தொழில் வர்த்தகச் சபை தொடங்கப்பட்டது. 2016இல் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் வந்தது. வங்கிக் கிளை ஒவ்வொன்றும் தலித் அல்லது பழங்குடி ஒருவருக்கும் பெண் ஒருவருக்குமாவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை தொழில் கடன் தர வேண்டும் என்றது. அது 2025 மார்ச்சோடு முடிந்தது. தமிழ்நாட்டில் 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் வந்தது. 35 சதம் மூலதன மானியம், 6 சதம் வட்டி மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் மனு, வங்கியில் கடன். கடன் கோப்பில் கட்டாயம் இருக்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. வாங்கப் போகிற மெஷினுக்கு விற்பனைக் கம்பெனி தருகிற கொட்டேஷன்.

இந்தக் கொட்டேஷனுக்காக நம் பையன்கள் மெயில் போடுகிறார்கள். லேத் மெஷினுக்கு, தையல் மெஷினுக்கு, பாக்கு மட்டைத் தட்டு அடிக்கிற மெஷினுக்கு. இந்த மெயில் போக்குவரத்தைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டு வருவார்கள். அதைப் படிக்கிறபோது ஒரு விசித்திரம் கண்ணில் படும். முதல் மெயிலுக்குக் கம்பெனியின் பதில் ‘டியர் சார், உங்கள் விசாரணைக்கு நன்றி’ என்று வந்திருக்கும். இரண்டாவதிலும் ‘டியர் சார்’ இருக்கும். மூன்றாவது மெயிலில் பையன் கடன் திட்டத்தின் பெயரை எழுதியிருப்பான். அண்ணல் பெயர் வந்துவிடுகிறது அல்லவா? அதற்குப் பதில் மொட்டையாக வரும். ‘பேங்க் சாங்ஷன் லெட்டர் வந்த பின் தொடர்பு கொள்ளவும்.’ டியர் போயிற்று, சாரும் போயிற்று, நன்றியும் போயிற்று. சில இடங்களில் எழுத்தே நின்றுபோய், போன் வரும். ‘யாருப்பா, அந்த ஸ்கீம் கேசா?’

எல்லாக் கம்பெனியும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. கடைசி வரை ஒரே மரியாதையோடு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அரசாங்கத் திட்டம் என்றால் பணம் தாமதமாகும் என்ற பயம் வியாபாரிக்கு இருக்கும் என்பார்கள். இருக்கட்டும். தாமதத்துக்குப் பயந்தால் அட்வான்ஸ் கேள், டெலிவரியை நிறுத்தி வை, தேதி போட்டு எழுதி வாங்கு. ‘டியர் சாரை’ எதற்குப் பிடித்து வைத்துக்கொள்கிறாய்? அதற்கு ஜி.எஸ்.டி.யா கட்டுகிறாய்?

ஒரே கடிதத்தில் பெயர் மட்டும் மாறினால் பதில் மாறுமா என்பதை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் சேர்ந்து செய்த ஆய்வு 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வந்தது. பத்திரிகைகளில் தனியார் கம்பெனிகள் கொடுத்த 548 வேலை விளம்பரங்களுக்கு, 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பு, தகுதி எல்லாம் ஒன்றுபோலவே. பெயர்தான் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வருகிற வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67தான். முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆளைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. காகிதத்தில் இருந்த பெயர் ஒன்று போதுமாக இருந்தது.

வடக்கே பெயரின் வால் காட்டிக்கொடுக்கிறது. தமிழ்நாட்டில் வாலை வெட்டிவிட்டோம் என்று பெருமை பேசுகிறோம். வெட்டியது உண்மை, நல்ல காரியம். ஆனால் வால் போன இடத்துக்கு விலாசம் வந்துவிட்டது. மெயிலின் அடியில் விலாசம் எழுதினால் ஊர்ப் பெயரே ஏதோ ஒரு ‘கவுண்டன்பாளையம்’. அதற்குள் நம் தெரு மட்டும் ‘ஏ.டி. காலனி’. காலனி என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமைக்கான குறியீடாகவும் ஆகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தது 2025 ஏப்ரல் 29இல். தெருக்களிலும் சாலைகளிலும் சாதிப் பெயரை எடுக்க அரசு வழிமுறை வெளியிட்டது அதே ஆண்டு அக்டோபரில். அதே அக்டோபர் 9ஆம் தேதி கோவை அவினாசி சாலையில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்து ‘ஜி.டி. நாயுடு மேம்பாலம்’ என்று பெயர் வைத்தார்கள். அவர் பெரிய விஞ்ஞான மூளை, கோவைக்கு மோட்டார் தொழில் கொண்டுவந்தவர்களில் ஒருவர், அதில் நமக்குத் தகராறு இல்லை. வாலோடு சொன்னால்தான் அவரைத் தெரியும் என்றார்கள். நமக்கும் அதே கதைதான், ‘காலனி’ என்று சொன்னால்தான் எங்களைத் தெரிகிறது உங்களுக்கு. ஒரு சாதிப் பெயர் வணங்கிக் கூப்பிடுவதற்கு, இன்னொரு சாதிப் பெயர் ஒதுக்கி நிறுத்துவதற்கு. இந்த வித்தியாசத்தை எந்த அரசாணை எடுக்கும்?

நாம் வாங்குகிறவர்களாக இருக்கும்போது நடப்பது இது. விற்கிறவர்களாக இருக்கும்போது இன்னொரு மாதிரி. நம் தோழர் ஒருவர் சின்னதாக ஒரு வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவருக்கும் மொட்டை மெயில்கள் வருகின்றன. ‘ரேட் சொல்லு’ என்று. பக்கத்து வொர்க்‌ஷாப்காரர் அப்படி ஒரு மெயில் வந்தால் ‘மரியாதை கெட்டவன்’ என்று திட்டிவிட்டு ரேட்டை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நம் தோழரால் அப்படிப் போக முடியாது. இவன் எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுவானா, எனக்கு மட்டும் இப்படியா? அவசரமா, சாதியா? என் விலாசத்தைப் பார்த்துவிட்டானா, யாராவது சொல்லியிருப்பார்களா? ஒரே ஒரு வரி மெயிலுக்காக அரை நாள் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். வணக்கம் இல்லாத ஒரு கடிதம் ஒருவருக்கு வெறும் எரிச்சல், இன்னொருவருக்கு ஒரு விசாரணைக் கமிஷன். இந்தப் பாரம் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறாது.

திருப்பூர்ப் பக்கம் போனால் வேறொரு வேடிக்கை. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பனியன் துணி ஏற்றுமதி ஆகிற ஊர். ஐரோப்பாவிலிருந்து புதிதாக ஆர்டர் விசாரிக்கிற வெள்ளைக்காரன் ‘ஹாய்’ போட்டு, முதலாளியை வெறும் பேர் சொல்லித்தான் எழுதுகிறான். சார் இல்லை, மிஸ்டர் இல்லை. முதலாளி பூரித்துப் போகிறார், எவ்வளவு சகஜமாகப் பழகுகிறான் பார் என்று. அதே முதலாளியை வளவிலிருந்து வந்த கட்டிங் மாஸ்டர் ஒருநாள் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கட்டும். வெள்ளைக்காரன் சொன்னால் நட்பு, நாம் சொன்னால் திமிர். ஆகவே வணக்கத்தில் சொல் ஒன்றும் புனிதம் இல்லை. எந்த வாயிலிருந்து வருகிறது, எந்தக் காதுக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் அதற்கு விலை போடுகிறார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொதுப் பார்வையில் நடக்கிற அவமதிப்பைக் குற்றம் என்கிறது. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே திருத்தச் சட்டம் சேர்த்தது, 2016 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நம் போராட்டங்கள் வாங்கித் தந்த சட்டம் அது, அதை ஒரு எழுத்துக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அதன் எல்லை எங்கே இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அலுவலக அறையின் நான்கு சுவருக்குள், வேறு பொதுமக்கள் இல்லாத நேரத்தில் நடந்தது பொதுப் பார்வை ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் இருவருக்கு நடுவே மட்டும் போகிற மெயிலை எந்தப் பார்வையில் கொண்டுபோய் நிறுத்துவது? அதிலும் சாதிப் பெயரை எழுதினால்தானே கேஸ்? எழுதாமல் விட்ட ‘டியர் சாருக்கு’ எந்தப் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போடுவது? சொன்ன வசவைச் சட்டம் பிடிக்கும். சொல்லாமல் விட்ட மரியாதையைச் சட்டம் பிடிக்காது. சாதி இன்றைக்குப் படித்தவர்கள் நடுவில் குடியிருக்கிற இடம் அந்தச் சொல்லாமல் விட்ட இடம்தான்.

வங்கிகளுக்கு மட்டும் ஒரு வழிகாட்டி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2014இல் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில் ஐந்து உரிமைகள். முதல் உரிமையே நியாயமாக நடத்தப்படும் உரிமை. வாடிக்கையாளர், சேவை தருபவர் இருவருக்குமே மரியாதையாக நடத்தப்பட உரிமை உண்டு என்றும், பால், வயது, மதம், சாதி, உடல்திறன் பார்த்துப் பாகுபாடு கூடாது என்றும் அது சொல்கிறது. இரண்டு பக்கமும் மரியாதை என்பதைக் கவனியுங்கள். கேட்கிறவனும் கொடுக்க வேண்டும், வாங்குகிறவனும் திருப்ப வேண்டும். கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு வேட்டி கட்டியவருக்கு ‘வாங்க சார்’, அழுக்கு லுங்கிக்கு ‘அங்க போய் நில்லுப்பா’ என்கிற ஊழியர்களுக்கும் இது பொருந்தும். எங்கள் தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குக் கொடி பிடித்த அளவு இதற்குப் பிடித்ததில்லை.

இனி நம் பக்கத்துப் பேச்சு. நம் பிள்ளைகள் எழுதுகிற மெயில்களையும் மனுக்களையும் பார்க்கிறோம். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பித்து, ‘தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்’ என்று வளைந்து, ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று குனிந்து, ‘தங்கள் கீழ்ப்படிந்துள்ள’ என்று விழுந்து முடிகிறது. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நம்மைக் கீழ்ப்படிய வைத்தே கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். தோழர்களே, மெஷின் வாங்கப் போகிறவன் நீ. பணம் கொடுக்கப் போகிறவன் நீ. கடனாக இருந்தால் என்ன, வட்டியோடு கட்டப் போவதும் நீதான். விலை கேட்பதற்கு எதற்குத் தாழ்மை? ‘வணக்கம். இந்த மாடல் லேத் மெஷினுக்கு வரியோடு சேர்த்துக் கொட்டேஷன் வேண்டும். நன்றி’ என்று எழுதி, கீழே முழுப் பெயரைப் போடு. அவ்வளவு போதும். அதற்குக் குறைந்தால் அது அவருக்கு மரியாதைக் குறைவு, அதற்கு மேல் போனால் அது உனக்கு மரியாதைக் குறைவு.

‘ஜெய்பீம்’ என்று ஆரம்பிக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அந்தச் சொல்லின் கதையை அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மகாராஷ்டிரத்தில் மகர்கள் ஆதிக்க சாதியார் முன்னால் ‘ஜோஹார்’ என்று சொல்லிக் கும்பிட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குச் சொல்கிற சொல் அது. நாக்பூர் பக்கத்துத் தலைவர் பாபு ஹர்தாஸ் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ‘ஜெய்பீம்’ என்று சொல்ல வைத்தார். முப்பத்தைந்து வயசில் 1939இல் செத்துப்போன மனுசர். அவர் கொடுத்த சொல் இன்றைக்கும் நிற்கிறது. அதன் அழகு என்னவென்றால், ஜெய்பீம் சொன்னால் பதிலும் ஜெய்பீம்தான். மேல் கீழ் கிடையாது, போனது அப்படியே திரும்பி வரும். ஒரு நல்ல வணக்கத்துக்கு இலக்கணம் அதுதான். மெயிலில் அதை எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம். எழுதினால் எதிராளி முகம் சுளிப்பானோ என்று பயந்து விடாதே. எழுதினால்தான் வீரம் என்று நினைத்தும் எழுதாதே. வெறும் ‘வணக்கம்’ என்று எழுதினாலும், அது திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்.

கோவை, திருப்பூர், ஈரோட்டு வியாபாரிகளையும் தொழில் முதலாளிகளையும் அவர்களுடைய சங்கங்களையும் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 1969இலிருந்து கொடிசியா இருக்கிறது, 1990இலிருந்து திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் இருக்கிறது. தரத்துக்கும் ஏற்றுமதிக்கும் பயிற்சி முகாம் போடத் தெரிந்தவர்களுக்கு இதற்கு ஒருநாள் ஒதுக்கத் தெரியாதா? விலை கேட்டு வருகிற எந்த மெயிலுக்கும் பதில் ஒரே மாதிரி வணக்கத்தோடு போகட்டும். ஊரைப் பார்த்தும் தெருவைப் பார்த்தும் கடன் திட்டத்தின் பெயரைப் பார்த்தும் அது மாறக் கூடாது. எல்லோர் பெயருக்கு முன்னாலும் ‘திரு’ போடட்டும், இல்லையென்றால் ஒருவருக்கும் போட வேண்டாம். மெயிலில் வணக்கம் எழுதிவிட்டு லோடு இறக்க வந்தவரை ‘டேய்’ என்று கூப்பிட வேண்டாம். வாடிக்கையாளர் வணக்கம் சொல்லவில்லை என்று வருந்துகிற வியாபாரி, தன் கம்பெனியில் இன்று காலையில் குப்பை அள்ளியவருக்கு யார் வணக்கம் சொன்னார்கள் என்று ஒருதரம் விசாரித்துப் பார்க்கட்டும்.

பெருமைக்குரிய கொங்குத் தமிழ் ஒன்று உண்டு என்றால், அது பத்து வயசுப் பையன் எழுபது வயசு அருந்ததியக் கிழவரிடம் ‘வாங்க, உக்காருங்க’ என்று சொல்கிற தமிழாகத்தான் இருக்க முடியும். அது வருகிறவரைக்கும் ‘ங்க’ என்பது மரியாதை இல்லை, வசூல். நாம் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த வரி. இனிமேல் அதைக் கட்டுவதாக இல்லை. வணக்கம் கொடுத்தால் வணக்கம் தருவோம். கொடுக்காதவருக்கும் முதல் தரம் நாமே கொடுத்துப் பார்ப்போம். திரும்பி வராத இடத்தில் நம் பணமும் நம் உழைப்பும் இருக்காது.